கைப்பிடியில்லாக் கதவு

ஞாயிறு கீழ்வான் விளிம்பில் நெற்றி காட்டிய சிறுபொழுதிலேயே, வெங்கதிர்க் கைகளால் நகரைத் துழாவத் தொடங்கிவிட்ட கோடைக்காலக் காலை அது. வானை முட்டி நின்ற கண்ணாடி மாளிகைகள், வாங்கிய வெயிலை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் ஒன்றன் முகத்தில் மற்றொன்று வீசியெறிய, அவற்றின் முதுகில் உண்ணிகளாய் ஒட்டிக்கிடந்த குளிர்ப்பொறிகள், உள்ளிருப்போர் வெம்மையை உறிஞ்சியெடுத்துத் தெருவில் நடப்போர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தன. அம்மாளிகைகளின் நிழல் முடிந்துபோகும் இடத்தில் ஆலைத் தொழிலாளர் குடியிருந்த தகரக் கொட்டகைகள், அடுப்பின்மேல் கவிழ்த்துவைத்த இருப்புச் சட்டிகளின் வரிசைபோல் கிடந்தன. வேர்க்குரு பூத்த முதுகுகளைச் சொறிந்தபடி அங்குள்ள பிள்ளைகள், பொழுது விடிந்ததும் விடியாததுமாய், எங்கே நிழல் விழுமென்று தேடிப் புறப்பட்டிருந்தனர். அவற்றுக்கும் அப்பால், நகரம் மூச்சிரைத்து நின்றுவிட்ட எல்லையில், முள்வேலி சூழ்ந்த அகன்ற மனையின் நடுவே தன்னந்தனியாய் ஒரு வீடு நின்றது.

நல்ல தமிழை நாவில் வைத்துச் சுவைக்கத் தெரிந்த நெஞ்சங்களே, அவ்வீட்டைச் சற்று நின்று பார்த்துவிட்டுப் போகலாம். கிழக்கிலும் மேற்கிலும் கண்மூடி, வடக்கிலும் தெற்கிலும் கண்திறந்து, ஞாயிற்றின் நடைபாதையை நன்கறிந்து அமர்ந்த வீடு அது. உச்சிவெயிலுக்குக் குடைபிடித்தாற்போல் சுவரைத் தாண்டி நீண்ட கூரைவிளிம்பும், பட்ட கதிரைப் பட்ட இடத்திலிருந்தே திருப்பியனுப்பும் வெண்பூச்சும் அதற்கு உண்டு. இரண்டு செங்கற்சுவர்களின் இடையே உமியும் மரத்தூளும் திணித்து, அதன்மேல் வெள்ளித்தாள் போர்த்தி எழுப்பிய சுவர்கள், பகைவர் படையை வெளியே நிறுத்திய கோட்டைமதில்களாய் வெம்மையை வெளியே நிறுத்தின. சாளரங்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. தரையோரம் தண்காற்றை வாங்க ஒரு வாய். கூரையோரம் வெங்காற்றை விடுக்க ஒரு வாய். குளிர்ப்பொறி ஏதுமின்றிக் கோடையைக் கடக்கவல்ல அவ்வீட்டுக்குக் கதவு மட்டும் ஒன்றே ஒன்று. இக்கதை அந்தக் கதவைப் பற்றியது.

வீட்டை வரைந்தவள் ஒரு பெண். கொட்டகைகளை அகற்றிவிட்டு எழவிருக்கும் குடியிருப்பின் வீடுகளெல்லாம் இம்மாதிரி வீட்டின் வார்ப்பாகவே எழவேண்டுமென்ற ஒற்றை வேட்கையை உண்டு உறங்கி விழித்தவள். மூலைமுடுக்குகளிலும் சாளர விளிம்புகளிலும் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு, புகை நேராய் எழுகிறதா, எங்கேனும் இழுபட்டு வளைகிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தபடியே அவள் திரிந்ததால், பணியாட்கள் அவளுக்கு ‘ஊதுவத்தி அம்மா’ என்று பெயரிட்டிருந்தார்கள். புகை வளைந்தால் அங்கே காற்று கசிகிறது. காற்று கசிந்தால் ஆற்றல் ஒழுகுகிறது. ஆற்றல் ஒழுகினால் அன்றைக்குக் கட்டுநர் பாடு பெரும்பாடு. அந்தக் கட்டுநர் வேறு யாருமல்லர், அவளுடைய அக்காளின் கணவர். பருத்த உடம்பும், தோளைவிட்டு இறங்காத துண்டும், இடுக்கண் வந்த வேளையிலும் இளக்காரம் பேசும் வாயும் உடைய அவளுடைய அத்தான்.

“அம்மா தாயே, ஊதுவத்தியோட என் பக்கம் மட்டும் வந்துடாதே. நான் இன்னும் போய்ச் சேரலை” என்பார் அவர்.

முந்திய நாள் மாலை, எல்லாத் துளைகளும் அடைபட்ட பின்னும், கதவின் உட்புறக் கைப்பிடியருகே புகை ஒரு நூலளவு வளைந்தது. அவ்வளவுதான், அவள் முகம் இறுகிவிட்டது.

“கைப்பிடியைக் கழட்டிடுங்க அத்தான். அந்தத் துளையில தகடு வெச்சு, மக்குப் பசை போட்டு அடைச்சிடுங்க.”

“கதவுக்குக் கைப்பிடி வேணாமா? அப்புறம் அதுக்குப் பேரு கதவா, சுவரா?”

“டெஸ்ட்டு முடிஞ்சதும் மாட்டிக்கலாம். ஒரு வாரம் உள்ள யாரு இருக்கப்போறா, பிடிச்சுத் திறக்கறதுக்கு?”

அவள் சொன்ன அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு நினைவில் வைத்திருந்தது.

காலையில், மனையின் கோடியில் இருந்த கொட்டகையில் ஆய்வாளர் வந்து அமர்ந்தார். எதற்கும் வளைந்து கொடாத அம்மனிதரைப் பணியாட்கள், கூரை தாங்கும் மரத்தின் பெயரால் ‘உத்தரம்’ என்று அழைப்பது அவருக்கும் தெரியும். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே கருவியின் திரையில் எண்கள் மின்னின. வீட்டினுள்ளிருந்து வரும் உணர்கருவிக் கம்பியும் வெளிக்காற்றின் வெம்மையை அளக்கும் கம்பியும் அந்தத் திரையில் வந்து சேர்ந்தன.

“நல்லாக் கேட்டுக்குங்கம்மா” என்றார் உத்தரம். “இன்னிலேர்ந்து ஒரு வாரம் அந்த வீட்டுக்குள்ள ஈ எறும்பு போகக் கூடாது. உள்ள ஹீட்டர் எரியும், ஃபேன் சுத்தும். வெளிய இருக்கறதைவிடச் சூடா, ஒரே அளவா நிக்கணும். அப்படி நிறுத்தறதுக்கு எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு நான் இங்க உக்காந்து பாப்பேன். கொஞ்சமாக் குடிச்சா, பிடிச்சதை விடாத வீடு. வெயில் காலத்துல வெளிச்சூட்டையும் உள்ள விடாது. மொடாக்குடி குடிச்சா அதுவும் தகரக் கொட்டகைதான்.”

“குடிக்காத மாப்பிள்ளையாத் தேடற மாதிரி இருக்கு சார்” என்றார் அத்தான்.

உத்தரம் சிரிக்கவில்லை. “கம்பி அறுந்தா எலி கடிச்சிருக்குன்னு எடுத்துக்குவேன், கதவைத் தொட மாட்டேன். கரண்ட் போனா வர்ற வரைக்கும் காத்திருப்பேன். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் திறப்பேன். வெளிய இருக்கறதைவிட உள்ள குளிர்ந்துபோச்சுன்னா. சூடேத்தற வீடு அப்படிக் குளிர வழியே இல்லை. ஆச்சுன்னா அந்த டெஸ்ட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம். திறந்து பாத்துட்டு, ஃபெயில்னு எழுதிட்டு, வீட்டுக்குப் போயிடுவேன். மறு டெஸ்ட்டு கிடையாது. அடுத்த வாரம் குழு கூடுது. இன்னொருத்தரோட வரைபடமும் மேசைமேலதான் இருக்கு. இன்னொண்ணு, கட்டினவங்க யாரும் இந்த ஒரு வாரம் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.”

“நான் அம்மா வீட்டுக்குப் போறேன் சார்” என்றாள் அவள். “நான் வேற சைட்டுக்கு” என்றார் அத்தான். கிடங்கின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காள், கணவரின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, “நெஞ்சுவலி மாத்திரை இருக்கில்ல?” என்று கேட்க, “இருக்கு இருக்கு, உன்னைவிடப் பத்திரமா இருக்கு” என்று அவர் நகர்ந்தார்.

மாத்திரை அவரிடம் இல்லை. முந்திய மாலை கைப்பிடியைக் கழற்றியபோது அந்தச் சிறு குப்பியைச் சாளரத் திட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மனைவியிடம் சொன்னால் வசவு. ஆய்வாளரிடம் கேட்டால் மறுப்பு. எனவே வேலியைச் சுற்றிக்கொண்டு, பூனைநடையில் வீட்டின் பின்புறமாய் வந்து அதன் ஒரே கதவை அடைந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதன் அடியில் ஒரு செங்கல் கிடந்தது. பணியாள் எவனோ விட்டுப்போன கல் என்றெண்ணிக் காலால் எற்றி ஒதுக்கிவிட்டு, ஆய்வாளர் கண்ணில் படாதிருக்கக் கதவைத் தம் பின்னால் மெல்ல இழுத்துச் சாத்தினார்.

கிளிக் என்றது தாழ்.

அதே நொடியில் உள்ளே, கூரைமூலையின் கீழ் எக்கிநின்று, இறுதியாய் ஒருமுறை, இறுதியினும் இறுதியாய் ஒருமுறை ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் திரும்பினாள்.

“யாரது?”

“நான்தான்... ஏய், நீ ஊருக்குப் போகல?”

“செங்கல்லு எங்க அத்தான்?”

“எந்தச் செங்கல்லு?”

“கதவு சாத்தாம இருக்க நான் வெச்சது.” அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அவள் உயர்த்திய கைப்பேசி வெளிச்சத்தில், கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், முந்திய மாலை அவரே தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு அவசரத்தில் மறந்துபோயிருந்த மக்கு, குருட்டு விழிபோல் வெளுத்துக் கிடந்தது.

இருவரும் கத்தினார்கள். கதவில் அறைந்தார்கள். ஆனால் ஓசையைக் கடத்தாதிருப்பதற்கென்றே நெய்த சுவர்கள் அவை. உமியும் மரத்தூளும் அவர்கள் குரலை, வறண்ட மணல் மழைத்துளியை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிக்கொண்டன. கதவின்மேல் உள்ளங்கையை வைத்திருந்த அவளுக்கு மட்டும் வெளிப்புறத்தில் ஏதோ மெல்ல ஊர்ந்துபோவது தெரிந்தது. கதவின் விளிம்பு நெடுக ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டே போகும் உத்தரத்தின் விரல்கள். ஓர் அங்குலத்துக்கு அப்பால் ஒரு மனிதர். அவருக்கும் அவளுக்கும் இடையே அவளுடைய திறமை.

விரல்கள் நின்றன. பின்னர் ஏதும் ஊரவில்லை.

அத்தான் கைப்பேசியை எடுத்து உயர்த்தினார், தாழ்த்தினார், சாளரத்தருகே கொண்டுபோனார். “ஒரு கோடுகூட வரலையே. இது என்ன வீடா, பாழுங்கிணறா?”

“வராது அத்தான்” என்றாள் அவள், தன் குரலே தனக்கு அயலாய் ஒலிக்க. “வெயிலைத் திருப்பியனுப்பச் சுவத்துல வெள்ளித்தாள் போட்டோம்ல? கண்ணாடிலயும் அதே பூச்சு. அது போன் அலையையும் திருப்பியனுப்பிடும்.”

“அடிப்பாவி. வெயில் வராது, சத்தம் வராது, காத்து வராது, போனும் வராது. வேற எது வரும்னு பாத்து வரைஞ்சே?”

அவர் கேட்ட கேள்விக்கு விடையாய் அறையின் நான்கு மூலைகளிலும் வெப்பமூட்டிகள் செந்நாக்கு நீட்டி எரியத் தொடங்கின; நடுவிலிருந்த விசிறிகள் சுழன்று அவ்வெம்மையைக் குழம்பெனக் கலக்கின. சாளரங்களின் வெளிப்புறக் காப்புப்பலகைகள் ஆய்வுக்கென்று அடைக்கப்பட்டிருந்ததால் அறையில் கைப்பேசி வெளிச்சமும் அச்செந்நிற ஒளியுமன்றி வேறொளியில்லை. தரையோர வாயும் கூரையோர வாயும் அதேபோல் வெளியிலிருந்து அடைக்கப்பட்டிருந்தன. அந்த ஆணையும் அவளுடையதுதான். மின்கம்பியை விட்டால், உலகத்தோடு அவ்வறையைப் பிணைத்த ஒரே பொருள், விசிறியின் எதிரே கயிற்றில் தொங்கிய விரலளவு உணர்கருவியும் அதன் மெல்லிய கம்பியும். கம்பி நுழைந்த இடத்தில் இருந்த சிறு பெட்டியின் முகத்தில் மூன்று எண்கள் மின்னின: உள்வெம்மை, வெளிவெம்மை, குடிக்கும் மின்னாற்றல். அதே எண்களைத்தான் கோடியிலிருந்த கொட்டகையில் உத்தரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் பேசுவதை நிறுத்திச் செயலில் இறங்கினார். சாவியால் மக்கைச் சுரண்டினார், சாவி வளைந்தது. “இந்த மக்கை எவ வாங்கச் சொன்னா?” என்றார். “நான்தான்” என்றாள் அவள். பிறகு ஒரு வெப்பமூட்டியை அணைத்துத் தூக்கிச் சாளரத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி சிலந்திவலையாய் விரிந்ததேயன்றி விழவில்லை. மூன்றடுக்கின் நடுவே அவள் இடச்செய்த மெல்லிய படலம் உடைந்த துண்டுகளைத் தாய்போல் அணைத்துப் பிடித்துக்கொண்டது. மீண்டும் அறைந்தார். மூன்றாம் முறை ஓங்கியவர் ஓங்கிய கையோடு நின்று, மார்பைப் பற்றிக்கொண்டு, சுவரோடு சுவராய்ச் சரிந்து அமர்ந்தார்.

“அத்தான்!”

“கத்தாதே... மாத்திரை... அந்தத் திட்டுல.”

குப்பியைத் தேடியெடுத்து ஒன்றை அவர் நாவடியில் வைத்தாள். பாய்ந்துசென்று எல்லா வெப்பமூட்டிகளின் செருகிகளையும் பிடுங்கி எறிந்தாள். செந்நாக்குகள் அவிந்தன. விசிறிகள் மட்டும் இருளில் முனகின. அவர் நெற்றியில் அரும்பிய வியர்வையைத் துடைக்கத் துடைக்க அது ஊறியது. அவள் முதுகிலும் ஆறாய் வழிந்தது. இனி அறை ஆறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாய் ஆறிவிடும் என்று மணிக்கணக்காய்க் காத்திருந்தாள். மூச்சு அடைத்தது. காற்று, பலர் உடுத்திக் கழித்த துணியைப்போல் பழசாயிற்று. நாவு மேலண்ணத்தில் ஒட்டியது. உள்ளே ஒரு துளி நீரில்லை.

அறை ஆறவில்லை.

ஏன் ஆறும்? வாங்கியதை விடாத வீடல்லவா? ஓட்டை வாளியில் ஊற்றிய நீராய் வெம்மை ஒழுகிப்போகும் வீடுகளுக்கு நடுவே, ஊற்றியதை ஊற்றியபடி வைத்திருக்கும் பொற்குடமாய் அவள் இதைச் செய்திருந்தாள். போதாக்குறைக்கு இரண்டு மனித உடல்கள் உள்ளிருந்து இரண்டு சிறு அடுப்புகளாய்க் கனன்றுகொண்டிருந்தன. பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். உள்வெம்மை அசையவில்லை. குடிக்கும் மின்னாற்றல் இருந்த இடத்தில், விசிறிக்குரிய துளியளவு போக, வட்டமாய், முழுமையாய், அழகாய் ஒரு சுழி.

அச்சுழியைக் கண்ட கணத்தில் அவள் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

“அத்தான்... நாம ஹீட்டரை அணைச்சிட்டோம். ஆனா வெளிய அவருக்கு என்ன தெரியும் தெரியுமா? கரண்டே குடிக்காம வீடு சூட்டைப் பிடிச்சு நிக்குதுன்னு தெரியும். இந்நேரம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிட்டு இருப்பாரு.”

அத்தான் கண்திறவாமல் புன்னகைத்தார். “அப்போ பாஸாயிட்டோமா?”

“எவனுக்கும் கிடைக்காத மார்க்கு.”

“செத்த பிறகு மார்க்ஷீட்டு வரும்போல.”

உண்மை அதுதான். அவர்கள் உள்ளே வாடவாட, வெளியே வீட்டின் புகழ் வளரும். கெட்ட செய்திக்கு ஓடிவருவோர் உண்டு. நல்ல செய்தி எவரையும் எழுந்து வரச் செய்வதில்லை. இந்த வாரம் முழுவதும் நல்ல செய்தியே போய்க்கொண்டிருக்கும்; வாரத்தின் முடிவில் நாடாவைக் கிழித்து, பாராட்டும் சொல்லோடு உத்தரம் கதவைத் திறக்கும்போது பாராட்டப்படுவதற்கு உள்ளே யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

கம்பியை அறுக்கலாமா என்று ஒரு நினைவு எழுந்தது. எலி என்பார். விசிறியை நிறுத்தலாமா? மின்தடை என்று காத்திருப்பார். அம்மனிதர் ஒன்றே ஒன்றுக்குத்தான் கதவைத் தொடுவார். அந்த ஒன்று இந்த வீட்டின் சாவு. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிரவேண்டும்.

வெந்து கிடக்கும் இந்த அறையில் குளிருக்கு எங்கே போவது? அவள் கண்கள் தொங்கும் உணர்கருவியில் நிலைத்தன. அறை குளிரவேண்டியதில்லை. அந்த விரலளவு கருவி மட்டும் குளிர்ந்தால் போதும். ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் எந்தப் பொருளும் குளிரும். மண்பானையில் நீர் குளிர்வதும், வியர்த்த உடம்பில் காற்றுப்பட்டதும் சிலிர்ப்பதும் அதனால்தான். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஈரம்?

“அத்தான், அந்தத் துண்டைக் குடுங்க.”

“எதுக்கு?”

சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் கண்திறந்தார். இளக்காரம் முழுவதும் வடிந்துபோன கண்கள்.

“வேணாம்.”

“அத்தான்...”

“வேணாம்னா வேணாம். உனக்கு இந்த வீடு எப்படின்னு எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். இதுவரைக்கும் நான் கட்டினதெல்லாம் வெயில்ல வெந்து மழையில ஒழுகற வீடு. இது ஒண்ணுதான் ஒழுங்கா நிக்குது. அந்தக் கொட்டகைப் பிள்ளைங்க முதுகைப் பாத்திருக்கியா? உத்தரம் ஃபெயில்னு எழுதினா எழுதினதுதான். மறுபடி சான்ஸ் கிடையாது. நான் தாங்குவேன். யாராவது தேடுவாங்க. உங்க அக்கா என்னைத் தேடாம இருப்பாளா?”

“நீங்க வேற சைட்டுக்குப் போயிட்டதா நினைச்சிட்டு நிம்மதியா இருக்கா.”

“அதுவும் சரிதான். நான் இல்லேன்னா அவளுக்கு நிம்மதிதான்” என்று சொல்ல முயன்றவர் பாதியில் நிறுத்தி, மார்பை மீண்டும் பற்றினார். பெட்டியின் எண்கள் உமிழ்ந்த மங்கொளியில் அவர் உதடுகள் வெளுத்துத் தெரிந்தன.

அவள் அதற்குமேல் எண்ணவில்லை. எண்ணியிருந்தால், இரவெல்லாம் விழித்து இழைத்த கோடுகள் கண்முன் வந்திருக்கும். ஞாயிற்றின் நடையைத் தேடித் தேடி அவள் திருப்பிய சாளரங்கள் வந்திருக்கும். ‘எங்க வீடு எப்ப வரும்க்கா?’ என்று கேட்கும் வேர்க்குரு முதுகுகள் வந்திருக்கும். அவர் தோளிலிருந்து துண்டை உருவினாள். அவருடைய வியர்வையில் அது நனைந்து கனத்திருந்தது. அதைக் கருவியின்மேல் சுற்றி, விசிறியை அதன் முகத்துக்கு நேரே இழுத்து வைத்துவிட்டுப் பெட்டியின் எண்ணைப் பார்த்தாள்.

எண் இறங்கியது. நின்று, யோசித்து, மீண்டும் இறங்கியது. மலையுச்சியிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிப் படியிறங்குவதுபோல் அது வெளிவெம்மையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அடுத்த எண்ணைக் கவனித்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருக்க, வெளிவெம்மையும் இறங்கிக்கொண்டிருந்தது. துரத்துகிறவரும் ஓடுகிறார், துரத்தப்படுகிறவரும் ஓடுகிறார். போதாததற்கு, அவர்கள் மூச்சும் வியர்வையும் மூடிய அறையின் காற்றில் ஈரமாய்த் தேங்கத்தேங்க, துண்டு உலர மறுத்தது. உலர மறுத்தால் குளிரவும் மறுக்கும். இரண்டு எண்களும் கையெட்டும் தொலைவில் வந்து, அங்கேயே நின்றுவிட்டன.

“என்ன ஆச்சு?” என்றார் அத்தான்.

“நின்னுபோச்சு. துண்டு ஒரு பக்கம் காஞ்சு, ஒரு பக்கம் சொதசொதன்னு இருக்கு.”

“மெல்லிசுத் துணியா வேணும்... என் சட்டையைக் கிழி. நாளெல்லாம் ஊறியிருக்கு, பிழிஞ்சா ஒரு குடம் வரும்.” சற்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீ கேக்காம செஞ்சிட்டே. இனிமே அரைகுறையா விடாதே. ஃபெயிலாகறதுன்னா ஒழுங்கா ஃபெயிலாவோம்.”

அவர் சட்டையின் மெல்லிய முதுகுத்துணியைக் கிழித்தாள். தன் கழுத்திலும் நெற்றியிலும் வழிந்ததையும் அதில் ஒற்றினாள். ஒரே ஒரு மடிப்பாய், தோல்மேல் தோலாய், கருவியின்மேல் சுற்றினாள். கழற்றிய துண்டை விசிறிபோல் வீசி, கருவியைச் சுற்றித் தேங்கிநின்ற ஈரக்காற்றைக் கூரைப்பக்கம் விரட்டினாள். கை ஓய்ந்தது. கண் இருண்டது. வீசினாள். கட்டட ஆற்றலை மிச்சம்பிடிப்பதே வாழ்வென்றிருந்தவள், தன் உடம்பில் எஞ்சிய ஆற்றலையெல்லாம் அந்த விரலளவு குளிருக்காக வாரியிறைத்தாள்.

எண் அசைந்தது. வெளிவெம்மையைத் தொட்டது. அதற்குக் கீழே நழுவியது. நழுவி, அங்கேயே கிடந்தது.

“முடிஞ்சுது அத்தான்” என்று சொல்லி அவர் அருகில் அமர்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விசிறி முனகியது. சுவர்கள் தம் கடமையைச் செய்தன. ஒன்றையும் உள்ளே விடவில்லை, ஒன்றையும் வெளியே விடவில்லை.

பின்னர், வெகுதொலைவில் யாரோ துணி கிழிப்பதுபோல், நாடா கிழியும் அதிர்வு கதவில் ஓடிற்று.

கதவு திறந்தபோது, அடைபட்டிருந்த வெம்மை முழுவதும் ஒரு பெருமூச்சாய் வெளியேறி உத்தரத்தின் முகத்தில் மோதியது. அந்திச் செவ்வானத்தைப் பின்புறமாகக் கொண்டு அவர் அசையாமல் நின்றார். அவர் பின்னே அக்காள், கையில் ஓர் இனிப்புப் பொட்டலத்தோடு. வீடு மின்னாற்றலே குடிக்கவில்லையென்று பகலில் உத்தரம் சொன்னதைக் கேட்டு, மனையின் காவலாளிகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தது போக மிஞ்சியது அது.

“ஐயோ, நீங்க வேற சைட்டுக்குப் போகல?” என்று அலறியபடி அவள் கணவர்மேல் விழுந்தாள்.

“போயிருப்பேன்” என்றார் அவர், ஈனக்குரலில். “உன் தங்கச்சி கைப்பிடி வெக்க மறந்துட்டா.”

அவரை வண்டியிலேற்றி மருத்துவமனைக்கு அனுப்பிய பின், வீட்டுப் படியில் ஆய்வாளரும் அவளும் மட்டும் இருந்தார்கள். நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள். உத்தரம் உள்ளே போய், கருவியில் சுற்றியிருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு நூலளவு வளைந்தார்.

“அம்மா, குளிர்ந்துபோனது ஈரத்துணியால. அதை விட்டுடலாம். மத்தியானம் முழுக்க வந்ததே அந்த சைபர், அதை மட்டும் எடுத்துக்கிட்டா... என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை. பாஸ்னு எழுதிடறேன்.”

அவள் திறந்துகிடந்த கதவைப் பார்த்தாள். எவ்வளவு எளிதான வழி. இவ்வளவு நேரம் ஒரு வழியும் இல்லாதிருந்தவளுக்கு இப்போது இவ்வளவு அகன்ற ஒரு வழி.

“அந்த சைபர் வீட்டோடது இல்ல சார்” என்றாள். “எங்க ரெண்டு பேர் உடம்போட சூடு அது. வீடு எவ்வளவு குடிக்கும்னு இப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததைப் பாஸ்னு எழுதாதீங்க.”

அவர் ஃபெயில் என்றே எழுதினார். எழுதிய கையோடு எழுந்து, நாடாச்சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

குழு கூடியது, மேசைமேலிருந்த மற்ற வரைபடம் வென்றது. கொட்டகைகள் இருந்த இடத்தில் பெட்டிபெட்டியாய் வீடுகள் எழுந்தன. மேற்குவெயில் நேரே புகும் சாளரங்களும், முதுகில் உண்ணிகளாய்க் குளிர்ப்பொறிகளும் அவற்றுக்கு வாய்த்தன. கோடை வந்தால் அப்பொறிகளின் இரைச்சல் அத்தெருவை நிறைக்கும். மின் நின்றுபோகும் நாட்களில் இரைச்சலும் நின்று, பிள்ளைகள் முன்போலவே நிழல் தேடிப் புறப்படுவார்கள். புறப்படும் பிள்ளைகள் முள்வேலியில் கண்ட இடைவெளியில் நுழைந்து, யாருக்கும் வேண்டாமல் நின்றுவிட்ட அந்தத் தனிவீட்டுக்கே வந்துசேர்வார்கள். வெளியே வெயில் கொதிக்கும் நடுப்பகலில், வாய்கள் இரண்டும் திறந்து தண்காற்று வாங்கி நிற்கும் அதன் தரையில், முதுகு பதியப் படுத்துக்கிடப்பார்கள். தேர்வில் தோற்ற வீடு தன் கடமையில் தோற்கவில்லை. ஆயினும் வீடுகள் நூற்றுக்கணக்கில் எழவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் எழுந்து நின்ற துயரை, எந்த நிழலும் ஆற்றிவிடாது.

நலம்பெற்று எழுந்த அத்தான், முதல்வேலையாய் அக்கதவின் மக்கை உளியால் பெயர்த்து, உட்புறத்தில் கனத்த ஒரு பித்தளைக் கைப்பிடியைத் தம் கையாலேயே பொருத்தினார். “சின்னப் பசங்க கைக்கும் எட்டணும்” என்று அதைச் சற்றுத் தாழ்வாகவே வைத்தார். அவளோ, அதன்பின் வரைந்த வீடுகளிலெல்லாம், ஞாயிற்றின் திசையைக் குறிக்கும் முன்பே, சுவரின் தடிப்பைக் கணக்கிடும் முன்பே, கதவின் உட்புறக் கைப்பிடியை முதற்கோடாய் வரைந்தாள். வெயிலையும் காற்றையும் வெம்மையையும் எவ்வளவு நுட்பமாய் எண்ணினாலும், எழுந்து திறக்கப்போகும் ஒரு கையை எண்ண மறந்த வீடு, வீடாவதில்லை.

இன்றும் அவள் ஊதுவத்தியோடு மூலைமுடுக்குகளில் குனிந்து நிமிர்கிறாள். எங்கே புகை வளைந்தாலும் அங்கே அடைக்கச் சொல்லுகிறாள். கைப்பிடியருகே மட்டும் அப்புகை ஒரு நூலளவு வளையும்போது, அதைக் கண்டும் காணாதவள்போல் சற்றே நின்றுவிட்டு, நடந்துபோகிறாள்.